சகலையின் பாரை

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, தீவுகளில் காற்று எப்படி என்று பார்க்கிறார் தீவுக்காரர். காற்று பலமாக இருந்தால் முகம் மலர்ந்துவிடும். "ஆகா, மரமே சாயுற காத்து! இன்னைக்கு ஒரு பய தூண்டில் கம்பத் தூக்க முடியாது" என்று பக்கத்து மேஜைப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, டீயை ருசித்து ருசித்துக் குடிப்பார். காற்று இல்லை, வானம் தெளிவு, கடல் அமைதி என்று திரையில் வந்தால் போச்சு. அன்றைக்கு டீயில் சர்க்கரை கம்மி, ஏ.சி. சத்தம் போடுகிறது, மேனேஜர் எழுதிய குறிப்பு புரியவில்லை. எல்லாமே குற்றம்தான்.

அந்தத் தீவுகளில் இருப்பவர்கள் அவருக்குப் பகையாளிகள் அல்ல. அவரே டிக்கெட் போட்டு, அறை பிடித்து, படகு பேசி, "நல்லபடியா போய்ட்டு வாங்க சார்" என்று லிஃப்ட் வரை வந்து வழியனுப்பிய வாடிக்கையாளர்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும், மீன் மட்டும் மாட்டக் கூடாது. இதுதான் அவருடைய தினசரிப் பிரார்த்தனை.

டிராவல்ஸ் ஆபீஸில் மற்ற மேஜைகளுக்குத் தேனிலவு, கம்பெனிச் சுற்றுலா என்று ஆளுக்கு ஒன்று. இவர் மேஜைக்குத் தூரத்துத் தீவுகள்; அதனால்தான் ஆபீஸில் இவருக்குத் தீவுக்காரர் என்று பெயர். அங்கே போய் மீன் பிடிக்கும் விடுமுறைகள். புழுவும் கிடையாது, வலையும் கிடையாது. கொக்கியில் இறகும் ரோமமும் சுற்றிச் சின்ன மீன் போலச் செய்து, கனமான கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, முழங்கால் தண்ணீரில் ஓட்டமெடுக்கும் பாரை மீனின் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் விழவைக்க வேண்டும். இதற்காக மனிதர்கள் விமானம் மாறி விமானம் ஏறி, படகில் குலுங்கி, செல்போன் எடுக்காத இடத்துக்குப் போகிறார்கள். பிடித்ததைத் தின்பதும் இல்லை. திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். "காசையும் கொட்டிட்டு, புடிச்சதையும் விட்டுட்டு வராங்களாமே, பைத்தியமா அவங்க?" என்று மனைவி கேட்டாள். "உனக்குத் தெரியாதுடி. அது ராஜா விளையாட்டு" என்றார். குரலில் ஏக்கம் வழிந்தது.

இத்தனை பேரை அனுப்பியவர் ஒரு தடவையாவது போயிருப்பார் என்று நினைப்பீர்கள். எங்கே! தீவு விடுதிக்காரர்கள் அவ்வப்போது ஆபீஸிலிருந்து ஒருவரை இலவசமாக அழைப்பதுண்டு. அதற்கு மேனேஜர் போய்விடுவார். மேனேஜருக்கு ஷவரில் நனைந்தாலே ஜலதோஷம். கம்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. திரும்பி வந்து, "படுக்கை நல்லா மெத்துன்னு இருந்துச்சுப்பா" என்பார். தீவுக்காரருக்கு அடிவயிற்றிலிருந்து எரியும்.

ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் மொட்டை மாடியில் ஏறி வீசிப் பழகுகிறார். ஒரு வாடிக்கையாளர் நுனி உடைந்துபோனது என்று விட்டுப்போன கம்பு. ஒட்டி, நூல் சுற்றி, சரிசெய்து வைத்திருக்கிறார். கயிற்றின் முனையில், கொக்கியை நறுக்கி எடுத்துவிட்ட இறகு. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் வாளி மூடி, அதுதான் பாரை. கயிறு பின்னால் நீண்டு, ஒரு கணம் நின்று, முன்னால் விரிந்து, மூடியின் விளிம்பில் இறகு சத்தமில்லாமல் விழும். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருக்கும். வாட்ச்மேன் ஒருநாள், "இங்க என்ன சார் மாட்டும்?" என்று கேட்டார். "உன் மூக்குதான்யா மாட்டும், தள்ளி நில்லு" என்றார்.

வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும்போது மட்டும் பொறாமை கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "மீன் கவ்வுனதும் கம்பத் தூக்கிடாதீங்க சார். எல்லாரும் அங்கதான் கோட்டை விடுறாங்க. குளத்துல புடிச்ச பழக்கம் அது. கம்பு மீனப் பாத்தபடியே இருக்கணும். இடது கையால கயித்தச் சுண்டி இழுங்க. கொக்கி ஏறுச்சுன்னு தெரிஞ்சப்புறம் தூக்குங்க." இதைச் சொல்லும்போது அவர் இடது கை மேஜைக்கு மேல் இல்லாத கயிற்றைச் சுண்டும். பக்கத்து மேஜைப் பெண்ணுக்கே இது மனப்பாடம்.

இப்படிப்பட்டவரிடம்தான் அவருடைய சகலை வந்து, "எனக்கும் ஒரு தீவு போட்டுக் குடுங்க சகல" என்று உட்கார்ந்தார்.

சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம். கடைக்கு வரும் கான்ட்ராக்டர் ஒருவர் ஆசை காட்ட, இரண்டு பேரும் சேர்ந்து போவதென்று முடிவாகிவிட்டது. ஒரு படகுக்கு இரண்டு பேர் என்பது அந்தத் தீவில் கணக்கு. "அது என்னமோ தலைக்கு மேல சாட்டை சுத்துற மாதிரி சுத்தணுமாமே? போய்ப் பாத்துக்கலாம்" என்று சிரித்தார் சகலை. சாட்டையாம்! தீவுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, இருப்பதிலேயே நல்ல தீவாக, நல்ல படகோட்டியாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார். தொழில் என்று வந்துவிட்டால் கை ஒழுங்காகத்தான் வேலை செய்யும்.

புறப்படும் நேரம் நெருங்கியபோது கான்ட்ராக்டர் சாரத்திலிருந்து சறுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். ஓர் இடம் காலி. சகலை ஆபீஸுக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். தீவுக்காரர் காகிதங்களை அடுக்குவதுபோல் அடுக்கினார். 'நீங்க வாங்களேன் சகல.' அந்த ஒரு வார்த்தை வரும் என்று காது இரண்டையும் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். தானாகக் கேட்பாரா? ரோஷக்காரர், தலை போனாலும் கேட்க மாட்டார்.

"யாராவது பார்ட்டி இருந்தா அந்த எடத்தத் தள்ளி விடுங்க சகல" என்று சொல்லிவிட்டுச் சகலை எழுந்து போய்விட்டார்.

அன்றைக்குத் தீவுக்காரர் செய்த வியாபாரத்தைப் பக்கத்து மேஜைப் பெண் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். வாடிக்கையாளர்களை வரிசையாகக் கூப்பிட்டார். "ஒரு எடம் இருக்கு சார், சூப்பர் தீவு" என்று உற்சாகமாக ஆரம்பிப்பார். அடுத்த மூச்சிலேயே குரல் இறங்கும். "ஆனா சொன்னேன்னு நெனச்சுக்காதீங்க, காத்து ஒரு மாதிரி இருக்கு. பாரையெல்லாம் ஆழத்துக்குப் போயிருச்சாம். உங்ககிட்ட மறைக்க மனசு வரல, அதான்." திரையில் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிவாக இருந்தது. ஒருவரும் வாங்கவில்லை. எப்படி வாங்குவார்கள்?

மறுபடி வந்த சகலை தலையைச் சொறிந்தார். "சும்மா காலியாப் போகப் போகுது. அதுக்கு நீங்களாவது வாங்க சகல."

நீங்களாவது! அந்த 'ஆவது' நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. குத்தினால் என்ன, லீவு விண்ணப்பம் அன்று மத்தியானமே மேனேஜர் மேஜைக்குப் போய்விட்டது. வீட்டில் மனைவி பெட்டியில் துணி அடுக்கியபடி சொன்னாள்: "இத்தனை வருஷமா ஊரு மேல பொருமுனது போதும், சந்தோஷமா போய்ட்டு வாங்க. தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க."

"நான் எதுக்குடி தூக்கறேன்?" என்றார், தூக்கி வைத்துக்கொண்டு.

தீவில் இறங்கிய அன்றே காற்று பிடித்துக்கொண்டது. அப்படி இப்படி இல்லை, ஜன்னல் கதவு நாள் முழுக்க அடித்துக்கொள்ளும் காற்று. இத்தனை காலம் ஊரார் மேல் ஏவிவிட்டதெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்ததுபோல் இருந்தது. படகு இறங்கவில்லை. சகலை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "கடையில எங்க இப்படித் தூங்க முடியுது!" என்று குறட்டை விட்டார். தீவுக்காரர் வாசலில் நின்று வாய்விட்டே காற்றைத் திட்டினார். மறுநாளும் அதே கதை, அதற்கு அடுத்த நாளும் அதே கதை. சகலையின் குறட்டை மேல்கூட அவருக்குப் பொறாமையாக இருந்தது.

கடைசி நாள் காலையில் காற்று நின்றிருந்தது.

தட்டைப் படகு. பின்னால் உயரமான பலகையில் நின்று படகோட்டி நீளக் கழியால் தள்ளுவார். முன்னால் ஒருவர் கம்போடு நிற்பார், மற்றவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். ஒரு மீன் மாட்டினாலும் சரி, தவறினாலும் சரி, முறை மாறிவிடும். அதுதான் படகின் சட்டம். "நீங்க பெரியவர், மொதல்ல நீங்க நில்லுங்க" என்றார் சகலை. சொன்னேனே, நல்ல மனிதர்.

வெகுநேரம் மணலும் நிழலுமாகப் போனது. பிறகு படகோட்டியின் கழி சட்டென்று நின்றது. "பதினோரு மணி" என்றார் மெதுவாக. படகின் முனை பன்னிரண்டு என்றால், அதற்குக் கொஞ்சம் இடப்பக்கம் என்று அர்த்தம். சகலை கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இல்லீங்களே, இன்னும் பத்துகூட ஆகல" என்றார். தீவுக்காரர் காதில் எதுவும் விழவில்லை. கறுத்த முதுகோடு ஒரு பாரை, பெரிய பாரை, அவருக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

கயிறு பின்னால் நீண்டது, நின்றது, முன்னால் விரிந்தது. இறகு மீனின் மூக்குக்கு முன்னால் விழுந்த அழகைப் பார்த்துப் படகோட்டி "அடடா" என்றார். தீவுக்காரர் கயிற்றை இழுத்தார். மீன் திரும்பியது, துரத்தியது. வாயைத் திறந்ததை, அந்த வாயின் உள்பக்க வெள்ளையை, தீவுக்காரர் தன் கண்ணால் பார்த்தார். கவ்வியது.

கம்பைத் தூக்கினார்.

வானத்துக்கே தூக்கினார். இறகு மீனின் வாயிலிருந்து நழுவிப் பறந்து வந்து அவர் தோளில் விழுந்தது. மொட்டை மாடியில் வாளி மூடி ஒருநாளும் கவ்வியதில்லை. கவ்வினால் என்ன செய்வது என்பது அவர் நாக்குக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. பாரை ஒரு புரளலில் காணாமல் போயிற்று.

"கம்பத் தூக்கிட்டீங்களே சார்" என்றார் படகோட்டி, வருத்தமாக.

"தெரியும்யா!" என்று கத்தினார். கண் கலங்கியது. இவ்வளவு வருஷ ஆசை, ஒரு கண்ணிமைப்பில் தொலைந்துவிட்டது. முறை மாறியது. நடுப்பலகையில் போய் உட்கார்ந்தார்.

சகலை முன்னால் ஏறி நின்று வீசினார். அது வீச்சா? கயிறு காதைச் சுற்றியது, தொப்பியைத் தட்டியது, தண்ணீரில் ஒரு குவியலாக விழுந்தது. தீவுக்காரர் அந்தத் துக்கத்திலும் உதட்டுக்குள் சிரித்துக்கொண்டார். "ஐயய்யோ சிக்கிடுச்சே" என்று சகலை கயிற்றை இடது கையால் வாரி வாரி, அவசர அவசரமாக இழுத்தார். அந்த இழுப்புக்குத்தான், எங்கிருந்தோ வந்த ஒரு பாரை பாய்ந்து கவ்வியது. கம்பைத் தூக்க வேண்டும் என்றுகூட அறியாத மனிதர், இழுத்த இழுப்பை நிறுத்தவில்லை. கொக்கி சும்மா ஜம்மென்று ஏறிவிட்டது.

"சகல! சகல! என்னமோ இழுக்குது சகல!"

தீவுக்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் வாய் தன்பாட்டுக்கு வேலை செய்தது. "கயித்த விரல்ல சுத்தாதீங்க! அறுத்துரும்! விடுங்க, ஓடட்டும்! இப்ப ரீலச் சுத்துங்க, மெதுவா!" அவர் சொல்லச் சொல்லச் சகலை அப்படியே செய்தார். அவ்வளவு பணிவான சீடனை யார் கண்டார்கள்? கடைசியில் மீன் களைத்துப் பக்கத்தில் வந்தது. படகு நகர்ந்துகொண்டிருந்ததால் படகோட்டி கழியை மணலில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு, "நீங்க எறங்கி வாலப் புடிங்க சார்" என்று தீவுக்காரரிடம் சொன்னார்.

இறங்கினார். தண்ணீர் தொடை வரை வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு கையால் வாலைப் பிடித்தார், விரல்கள் சுற்றி வளைக்க எட்டவில்லை. இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்தார். களைத்த மீனின் வாயிலிருந்து கொக்கி தானாகவே கழன்று தண்ணீரில் விழுந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாரை அவர் கையில் இருந்தது. கனம், கனம், அப்படி ஒரு கனம். செவுள் திறந்து மூடுவது உள்ளங்கையில் தெரிந்தது. பக்கவாட்டில் வெயில் பட்டு நீலமும் வெள்ளியுமாக மின்னியது. அது சகலையின் மீன்.

படகின் மேல் சகலை குழந்தைபோல் குதித்துக்கொண்டிருந்தார். போனைப் படகோட்டியிடம் கொடுத்து, எந்தப் பட்டனை அழுத்துவது என்று காட்டினார். "நானும் எறங்கி, கையில தூக்கி, அட்டகாசமா ஒரு போட்டோ. கடை சுவத்துல, இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் பெருசாப் போட்டு மாட்டணும். வர்றவன் போறவன் எல்லாம் கேக்கணும்" என்றார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். தொப்பியைத் தேடினார், அது பலகைக்கு அடியில் போயிருந்தது.

"கெட்டியாப் புடிச்சுக்கங்க சகல, இதோ வந்துட்டேன்!" தொப்பியை மாட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு ஒரு காலைத் தண்ணீருக்குள் இறக்கினார்.

தீவுக்காரர் அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்தபடியே, இரண்டு கைகளையும் விரித்தார்.