மூன்றாவது சீட்

கடந்த ஞாயிறு காலை, எங்கள் சனம் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு நகரத்தின் ஓரத்தில், மொந்தே பெல்லெக்ரீனோ மலையடியில் நின்றுகொண்டிருந்தேன். மேலே சாந்தா ரொசாலியா கோவிலுக்குப் போகும் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. அதிலும் ஏறவில்லை.

பக்கத்தில் எங்கள் அயல்வீட்டு மலர் அக்கா. அவரும் ஏறவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி, மலைப் பாதையின் முதல் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் இந்தப் பிடிவாதம்? காரணம் ஒரு கார். அதில் இரண்டு பேர்தான் போகலாம்.

மலர் அக்காவின் கணவர் சிவா அண்ணை. பணக்காரர் வசிக்கும் லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோரா — எசமானியம்மா — வீட்டில் வேலை. சிஞ்ஞோராவின் மகன் ஆசைப்பட்டு ஒரு ‘கிட் கார்’ வாங்கியிருந்தார் — கார் பெட்டி பெட்டியாக வரும், பொருத்திப் பூட்டுவது நம் பாடு. பாதியில் அவருக்கு அலுத்துவிட்டது. கராஜ் காலியானால் போதும், கொண்டுபோ என்று அண்ணையிடம் கொடுத்துவிட்டார்.

நாங்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு பழைய ஸ்டோர் அறை. வேலை முடிந்து வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணை அங்கே இறங்கிவிடுவார். கூடவே நானும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ஆகவே ஒழுங்கையில் யாருக்கு என்ன கடதாசி வந்தாலும் என்னிடம்தான் வரும். காரின் ஆங்கிலப் புத்தகமும் வந்தது. நான் வாசிப்பேன், அவர் பூட்டுவார்.

“மண்ணெண்ணெயில எஞ்சின் ஓட்டின ஆக்களடா தம்பி நாங்கள். இதென்ன பெரிய வேலை?”

சண்டைக்காலத்தில் பெற்றோலே கிடைக்காத வன்னிக்காரர். சொன்னால் கேட்க வேண்டியதுதான்.

மகள் அபி மட்டும் கதவில் சாய்ந்து நின்று, காரை இந்த ஊர்ப் பேச்சில் ‘மாக்கினா’ என்று சொல்லிச் சிரிப்பாள். “அப்பா, இது மாக்கினா இல்லை... பெரிய சப்பாத்து!”

“சப்பாத்துக்குள்ள ஏறுவியோ, மாட்டியோ?”

“ஏறுவன். என்ர ஸ்கூல் பக்கம் மட்டும் போகாதேங்கோ.”

எஞ்சின் உறுமியது. லைட் எரிந்தது. சிவப்புப் பெயின்ட் காய்ந்தது. பிறகு ஒருநாள் இறங்கிப் பார்த்தால், இரண்டு சீட்டுக்கும் பின்னால், சாமான் வைக்கிற இடத்தில் ஓர் இரும்புச் சட்டம். அதன்மேல் சின்னதாக இன்னொரு சீட்.

“புத்தகத்தில இப்பிடி இல்லையே, அண்ணை?”

“புத்தகம் எழுதினவன் வீட்டில ரெண்டு பேர். எங்கட வீட்டில மூண்டு.”

வீதியில் ஓடுவதற்கு எஞ்சினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வந்தார். பிரேக்கைப் பார்த்துத் தலையாட்டினார். ஸ்டியரிங்கைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்றாவது சீட்டைப் பார்த்தார்... தலை நின்றுவிட்டது.

“இது ரெண்டு சீட் காராம், அண்ணை. இதைக் கழட்டினால்தான் கையெழுத்தாம்.”

“அப்ப வேண்டாம் எண்டு சொல்லு.”

“நாலு போல்ட்தானே...”

“வேண்டாம் எண்டு சொல்லு, தம்பி.”

சொன்னேன். எஞ்சினியர் போய்விட்டார். எனக்குக் கோபம். நாலு போல்ட்டுக்காக இவ்வளவு கால உழைப்பையும் விடுவதா? விதி ஏன் இருக்கிறது, விபத்து என்றால் பின்னால் இருப்பவருக்கு என்ன ஆகும் என்று விளக்கத் தொடங்கினேன். அண்ணை காருக்குள் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கதைத்தார்.

சண்டையின் கடைசி மாதங்களில் அவர் ட்ரக்டர் ஓட்டியவர். ஒருநாள் பின்னால் இழுக்கும் பெட்டி நிறையச் சனம். அவருடைய தங்கச்சிக்கு ஏற இடமில்லை.

“‘இதில நில்லு, இறக்கிப்போட்டு வாறன்’ எண்டன். தலையாட்டினாள். திரும்பி வரேக்க... பாதை இல்லை.”

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவினார்.

“இனி ஒருத்தரையும் நில்லு எண்டு சொல்லமாட்டன்.”

இதை எஞ்சினியருக்கு எந்த மொழியில் சொல்வது?

காரைப் படுக்கை விரிப்பால் மூடினோம். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. அண்ணை ஸ்டோர் பக்கமே போகவில்லை.

ஒரு பின்னேரம் நானும் அவரும் ஒழுங்கையில் நிற்க, மலர் அக்கா எங்களைத் தாண்டி ஸ்டோருக்குள் போனார். விரிப்பை இழுத்தார். ஸ்பானரை எடுத்தார்.

“என்னப்பா செய்யிறாய்?”

“கழட்டுறன்.”

“மலர்...”

“நீங்கள் ஒருத்தரையும் நில்லு எண்டு சொல்ல வேண்டாம். நானாத்தான் நிக்கப்போறன். பிள்ளையைக் கொண்டுபோய் இறக்கிப்போட்டு வாங்கோ.”

போல்ட் அசையவில்லை. அக்கா முழு உடம்பையும் கொடுத்துத் திருகினார். அண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லப் போய் ஸ்பானரை வாங்கினார்.

“அது மற்றப் பக்கம் சுத்த வேணும்,” என்றார்.

எஞ்சினியர் மறுபடி வந்தார். கையெழுத்தும் வந்தது.

கார் என்றால் எத்தனை சீட் என்று கேட்கிறோம். போனால் திரும்பி வருமா என்று கேட்பதில்லை... கேட்கத் தேவையில்லாத வாழ்க்கை நமக்கு வாய்த்திருக்கிறது. எல்லாருக்குமா வாய்த்தது?

ஆக, ஞாயிற்றுக்கிழமை. அபியை ஏற்றிக்கொண்டு அண்ணை மேலே போய்விட்டார். மலர் அக்காவும் நானும் கீழே. வளைவில் ஒவ்வொரு கார் தலைகாட்டும்போதும் அக்காவின் கழுத்து நிமிரும். வெள்ளைக் கார். ஒரு வான். கறுப்புக் கார். கழுத்து தாழும்.

முதலில் சத்தம்தான் கேட்டது. பிறகு... அந்தச் சிவப்புச் சப்பாத்து.

அண்ணையின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. “வந்திட்டன்,” என்றார்.

“எனக்கும் கண் தெரியுது. கதவைத் திறவுங்கோ,” என்றார் அக்கா. ஏறி உட்கார்ந்த பிறகுதான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார். ஸ்டியரிங்கை ஒருமுறை இறுக்கிப் பிடித்தார்.

“தம்பி... இதில நில்லு. இறக்கிப்போட்டு வாறன்.”

கார் வளைவில் மறைந்தது. அடுத்த பஸ் வந்து நின்றது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவர் என்னையே பார்த்தார்.

ஏறுவேனா, சொல்லுங்கள்?