பழைய சீலில் ஸ்பிரிங் இல்லை

எனக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஏழாம் பொருத்தம். என் மனைவியின் ஸ்கூட்டரில் ஆயில் கசிகிறது என்று ஒரே கடையில் இரண்டு முறை விட்டேன். இரண்டு முறையும் அந்த ஆள் மூடியிடுக்கில் வைக்கிற பேக்கிங்கை மாற்றவில்லை, ஆயில் சீலையும் மாற்றவில்லை. வெளியே பசையை அப்பி, துடைத்து, பளபளவென்று கொடுத்துவிட்டான். மூன்றாம் முறையும் கசிந்தபோது, நிலத்து மோட்டாரை வருஷா வருஷம் பிரித்து மாட்டுகிறவனுக்கு இதென்ன பிரம்ம வித்தையா என்று நானே இறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. கொல்லைப்புறத்தில் சாக்கை விரித்து வண்டியை நிறுத்தினேன். அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"புத்தூர்ல நல்ல மெக்கானிக் ஒர்த்தர் கீறாராம் மாமா. அங்க உட்டுப் பாக்கலாமே?"

"எனக்குத் தெரியாதா? உன் வேலையப் பாத்துக்கினு போ!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். அவள் உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் அம்மா சொல்வாள். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

வேலை என்னவோ நன்றாகத்தான் போயிற்று. மேல் மூடியின் பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்துப் புதியதை வைத்தேன். வலப்பக்கம் ஃபேனையும் காந்தச் சக்கரத்தையும் கழற்றினால், ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். ஆயிலை வெளியே விடாமல் அடைக்கிற அதுதான் ஆயில் சீல். கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றியுள்ள பெரிய மூடியைக் கழற்றிவிட்டு எடுப்பதுதான் முறை என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பொறுமை இல்லை. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி எடுத்துவிட்டு, புதியதைத் தட்டி உட்கார வைத்தேன். ஆயில் ஊற்றி ஐந்து நிமிஷம் ஓடவிட்டுக் கீழே பேப்பரை விரித்தேன். ஒரு சொட்டு இல்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்து, "நல்லாதான் கீது" என்றாள்.

அவள் ஸ்ரீ சிட்டியில் குழந்தைகளுக்கு ஷூ தைக்கிற ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். நாகலாபுரத்திலிருந்து விடியற்காலையில் ஸ்கூட்டரில் கிளம்பி, சத்தியவேடு வழியாகத் தனியாகப் போவாள். கம்பெனி பஸ்ஸும் உண்டு. ஆனால் அது ஊர் ஊராகச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும் என்று அதை விட்டுவிட்டாள். மறுநாள் காலை அரைத் தூக்கத்தில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வண்டிச் சத்தம் காதில் விழவே இல்லை. பரவாயில்லையே, பூனை மாதிரி போகிறதே என்று பெருமையோடு திரும்பிப் படுத்தேன்.

ஒன்பது மணிக்கு நிலத்திலிருந்து வந்தவன் ஸ்பேனர்களை எடுத்து வைக்கப் போனேன். டூல் பெட்டியின் மேல் பழைய சீல் தனியாக இருந்தது. நான் அங்கே வைத்ததாக ஞாபகம் இல்லை. எடுத்துத் திருப்பினேன். ரப்பர் விளிம்பின் உள்பக்கப் பள்ளம் காலியாக இருந்தது.

அந்தப் பள்ளத்தில் ஒரு ஸ்பிரிங் இருக்க வேண்டும். தலைமுடியைப் போல மெல்லிய சுருள், வளையமாக. அதுதான் ரப்பரை ஷாஃப்ட்டோடு இறுக்கிப் பிடிப்பது. அது இருக்கும் பக்கம் எஞ்சினுக்கு உள்பக்கம். நான் நெம்பிய நெம்பில் கழன்று உள்ளே விழுந்திருந்தால், அது இப்போது ஆயிலில் கிடக்கிறது. ஏதாவது ஒரு பல்சக்கரத்தில் சிக்கினால் எஞ்சின் அந்த இடத்திலேயே இறுகிவிடும். வண்டி நிற்கும். பின்னால் வருகிற கன்டெய்னர் லாரி நிற்காது.

சாக்கை உதறினேன். குப்பையைக் கிளறினேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டிக் கொல்லை முழுக்க இழுத்தேன். இரண்டு ஆணியும் ஒரு சேஃப்டி பின்னும் ஒட்டிக்கொண்டன. ஸ்பிரிங் இல்லை.

அவளுடைய கம்பெனியில் ஒரு விதி உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் அந்த மெஷினை உடனே நிறுத்திவிட வேண்டும். உடைந்த துண்டு அத்தனையும் கிடைத்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, உடைத்தவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின் ஓடும். ஒரு துண்டு குறைந்தால் அங்கே இருக்கிற ஷூ அத்தனையையும் தேடுவார்கள். குழந்தை காலில் குத்திவிடக் கூடாதே. சேர்ந்த புதிதில் அவள் இதைச் சொன்னபோது, "ஒரு ஊசிக்கா இவ்ளோ அலப்பறை?" என்று சிரித்தவன் நான்.

போன் செய்தேன். வேலை நேரத்தில் போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தெரிந்தும் பதினோரு முறை செய்தேன். பிறகு நிலத்துச் சட்டையோடு பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். சத்தியவேட்டுக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் லாரி ஒன்று ஓரம்கட்டி நின்றது. சுற்றிலும் ஆட்கள். பஸ் மெதுவாகப் போனது. எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன். டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ சாமிக்கு வேண்டிக்கொண்டேன். அந்த மெக்கானிக்கிடமே விட்டிருக்கலாமே என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்தது அதுவே முதல் தடவை.

சத்தியவேட்டில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனி கேட்டில் இறங்கியபோது பன்னிரண்டரை. நேராக வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஓடினேன். வரிசை வரிசையாகத் தேடினேன். எங்கள் ஸ்கூட்டர் அங்கே இல்லை.

"எவரு காவாலி அன்னா?" என்று யார் வேண்டும் எனத் தெலுங்கில் கேட்டபடி செக்யூரிட்டிக்காரர் பின்னாலேயே வந்தார். அவள் பெயரைச் சொல்லி, இன்று வந்தாளா என்று கேட்டேன். வருகைப் பதிவெல்லாம் உள்ளே கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றார். வண்டியைக் காணோமே என்றேன்.

"பின்பக்கம் இன்னொரு ஸ்டாண்ட் உந்தி. அங்க இருக்கும். ரெண்டுக்கு ஷிஃப்ட் விடுவாங்க, கூர்ச்சோ அன்னா," என்று உட்காரச் சொல்லிப் பெஞ்சைக் காட்டினார்.

உட்கார முடியவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியாது. பழைய சீலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். விரலால் அந்தக் காலிப் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டே நின்றேன்.

இரண்டு மணிக்குக் கேட் திறந்தது. நீலக் கோட்டுகள் கும்பலாக வந்தன. நூறு முகம் போயிருக்கும். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், கையில் டிபன் பையோடு, ஒருத்தியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"இன்னா மாமா? யாருக்கு இன்னா ஆச்சு?"

உயிர் வந்தது எனக்கு. ஆனால் வாயில் வந்தது வேறு. "வண்டி எங்க?" என்று கத்தினேன்.

"நம்மூரு ரோட்டு முனையில, பூக்காரம்மா கடையாண்ட நிறுத்திக்கீறேன். கம்பெனி பஸ்லதான் வந்தேன்."

சீலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை.

"காலையில பெருக்கும்போது பாத்தேன். புதுசுல இருந்த ஸ்பிரிங் இதுல இல்ல. குப்பையிலயும் தேடினேன். உன் கண்ணுல படட்டும்னுதான் பெட்டி மேல வெச்சிட்டு வந்தேன்."

"வண்டிய ஸ்டார்ட் பண்ணியா?"

"துண்டு கிடைக்காம எப்படி மாமா ஓட்டுவாங்க? வீட்டுல உட்டா நீ ஸ்டார்ட் பண்ணிடுவன்னு ரோட்டு முனை வரைக்கும் உருட்டிக்கினு போனேன்."

அரைத் தூக்கத்தில் நான் பெருமைப்பட்ட அந்தச் சத்தமின்மை என்னவென்று அப்போதுதான் புரிந்தது. "என்னை எழுப்பிச் சொல்றதுக்கு இன்னாடி?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சொன்னா ஒத்துக்குவியா? நாலரை மணிக்குத் தெருவே கேக்குற மாதிரி கத்துவ. உன்னாண்ட சொல்றதுக்கு வண்டிய உருட்டிக்கினு போறதே சுலபம்," என்றாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள். "காலையிலயிருந்து ஒண்ணும் துன்னலயா?" டிபன் டப்பாவில் மிச்சமிருந்த தயிர் சோற்றை அந்த பெஞ்சில் உட்கார்ந்து தின்றேன். அவள் பக்கத்தில் நின்று முடியும்வரை காத்திருந்தாள்.

பஸ்ஸில் வந்து இறங்கி, பூக்கடையிலிருந்து வண்டியை உருட்டிக்கொண்டு வந்தோம். நான் பிடித்திருந்தேன், அவள் பின்னாலிருந்து தள்ளினாள். அது அரைக் கிலோமீட்டர்தான், ஆனால் குண்டும் குழியும். காலையில் இதைத் தனியாகத் தள்ளியிருக்கிறாள் என்பதைத் தோளில் உணர்ந்தேன். வீட்டில், எது விழுந்தாலும் கண்ணில் பட வேண்டும் என்று அவள் வெள்ளைத் தலையணை உறை ஒன்றை விரித்தாள். இந்த முறை முறைப்படி பெரிய மூடியையே கழற்றினேன். அதன் பேக்கிங் கிழிந்தது. கிழியட்டும் என்று விட்டேன். டார்ச் அடித்துக்கொண்டு அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அதோ கீது."

ஆயில் பம்பை ஓட்டும் பல்சக்கரத்துக்குக் கீழே, ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல், கறுத்த ஆயிலில் வளையமாகக் கிடந்தது ஸ்பிரிங். உடையவில்லை. இரண்டு விரலால் மெதுவாக எடுத்தேன்.

துடைத்து அவளிடம் கொடுத்தேன். உள்ளே போய்ப் பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒரு பக்கத்தில் ஸ்பிரிங்கை வைத்து, மேலே டேப் ஒட்டி, நகத்தால் தேய்த்தாள். பிறகு நோட்டையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினாள். விளையாட்டுக்குத்தான் செய்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.