நன்னடத்தைக்கு ஒரு ஜாமீன்

மலேசியாவில், வட சிலாங்கூரின் ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பதினெட்டு வருடமாக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். எது என்று சொல்ல மாட்டேன். புக்கிட் செந்தோசாவிலிருந்து தினமும் காரில் போய், எஸ்டேட் தமிழை மலாயிலும் மலாயை எஸ்டேட் தமிழிலும் சொல்வது என் பிழைப்பு. திருடனையும் குடிகாரனையும் பார்த்து எனக்குக் குமட்டியதில்லை. குமட்டுவது, ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு நடக்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துத்தான்.

தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க அப்போது அவனுக்கு வாய்ப்புத் தருவார்கள். முதல் குற்றமா, வழக்கை இழுக்காமல் ஒப்புக்கொண்டானா, அவனை நம்பி யார் இருக்கிறார்கள், ஊரில் பெயர் எப்படி, அடிபட்டவர் என்ன சொல்கிறார் என்று எல்லாவற்றையும் பார்த்து மாஜிஸ்திரேட் முடிவு சொல்வார். ஏற்பாட்டில் எனக்குக் குறை இல்லை. நம் ஆட்கள் அதற்குள் புகுந்து விளையாடுவதுதான் சகிக்கவில்லை.

முதலில் கோயில் தலைவரின் கடிதம் வரும். ‘நற்குணம் உடையவர், ஆலயப் பணிகளில் முன்நிற்பவர்.’ சங்கிலி அறுத்தவனுக்கும் இதே கடிதம், மாமனார் மண்டையை உடைத்தவனுக்கும் இதே கடிதம். அடையாள அட்டை எண் மட்டும் மாறும். பிறகு குடும்பம் வரும். பெண்கள் தோடு, வளையலைக் கழற்றிவிட்டுச் சாயம் போன சேலையில் வருவார்கள். பள்ளிக்கூட நாளில் பிள்ளைகளைச் சீருடையோடு முன்வரிசையில் உட்காரவைப்பார்கள்.

போன வருடம் ஒரு லோரி டிரைவர், மனைவியை அடித்ததாக வழக்கு. அவளுக்குப் புருவத்தில் ஐந்து தையல். மாமியாரும் கோயில் தலைவரும் அவளையே வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். தாலியை எடுத்து வெளியே தெரிகிற மாதிரி போட்டுவிட்டதும் மாமியார்தான். பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

விசாரணைக்கு முன்னால் கழிவறையில் கைகழுவிக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, ஒரு ஆறு மாசம் உள்ள வெச்சிருவாங்களா? ரவாங் பேக்டரில வேல இருக்கு, ஹாஸ்டல்ல புள்ளையையும் வெச்சிக்கலாம்னாங்க. அவரு வெளிய இருந்தா என்னைய விடமாட்டாருக்கா.”

மாஜிஸ்திரேட் கேட்டால் இதை அப்படியே சொல் என்றேன். சொல்வாள் என்று நானும் நம்பினேன்.

உள்ளே கடிதத்தை வாசித்தேன். நற்குணம், ஆலயப் பணி. அவன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அதையும் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் தங்கையைவிட இளைய பெண் மாஜிஸ்திரேட். நல்லவர்தான், அவசரப்படாமல் குறிப்பெடுத்தார். மனைவியை எழுந்து நிற்கச் சொல்லி, கணவனுக்கு என்ன தண்டனை வேண்டும் என்று நினைக்கிறாள் என்று என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அவள் பின்னால் திரும்பினாள். மாமியார் மடியில் அவள் பிள்ளை இருந்தது. கோயில் தலைவர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“விட்டுருங்கம்மா. அவர் இல்லாட்டி எங்களுக்குச் சோறு இல்ல.”

அதை மலாயில் சொன்னேன். கழிவறையில் கேட்டதை மன்றத்தில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மன்றத்தில் சொன்னதை மட்டும் மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பவள் நான். அந்தச் சத்தியத்தின் பின்னால் ஒளிந்துகொண்டதும் நான்தான். அரசுத் தரப்பு வழக்கறிஞர், மனைவியே கேட்கிறாரே என்று தோளைக் குலுக்கினார். முதல் குற்றம், ஒப்புதல், சிறு பிள்ளை, நல்ல பெயர், மனைவியின் மன்னிப்பு. எல்லாம் அவன் பக்கம் சேர்ந்தது. சிறை இல்லை. இரண்டு வருட நன்னடத்தைப் பிணை, ஒரு ஜாமீன்தாரரோடு.

கவுண்டரில் பிணைப் பத்திரம் எழுதும் கிராணி, ஜாமீன் யார் என்று கேட்டார். அவ்வளவு நேரம் நற்குணத்துக்குச் சாட்சி சொன்ன கூட்டத்தை அப்போது பார்க்க வேண்டும். கோயில் தலைவர் ஏற்கெனவே இன்னொருவனுக்கு ஜாமீன் நிற்கிறாராம். மாமியாருக்குக் கண் சரியில்லையாம். டிரைவரின் அண்ணன்காரன் லோரியை எடுக்க வேண்டும் என்று படியிறங்கிப் போய்விட்டான். டிரைவர் ஒழுங்காக இருக்க மாட்டான் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

“நீயே போட்டுரும்மா. ஒரு கையெழுத்துதானே, பொண்டாட்டிதானே லா,” என்றார் தலைவர்.

அடிபட்டவளே ஜாமீனா என்று கிராணியிடம் மலாயில் கேட்டேன். குடியுரிமை உள்ளவர், வயது வந்தவர், விதியில் தடை எதுவும் தெரியவில்லை என்று சொல்லி, நிபந்தனைகளை அவளுக்கு விளக்கச் சொன்னார். இரண்டு வருடத்துக்குள் அவன் திரும்பக் குற்றம் செய்தால் ஜாமீன் போட்டவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், பிணைத்தொகையை அவர்தான் கட்ட வேண்டும் என்றேன்.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.

“அப்ப அவரு மறுபடி என்னைய அடிச்சா, நான்தான் கட்டணுமாக்கா?”

ஆமாம் என்றேன். பிள்ளை இன்னும் மாமியார் இடுப்பில்தான் இருந்தது. அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.