கொட்டாங்கச்சி பனியன்

உயிரோடு தூங்கிய மனிதருக்கு மாலை வாங்க ஓடிய முட்டாள் நான்.

லஸ் முனையில் பட்டப்பகல். எங்கள் தெருவுக்கு வரும் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், அறுபதைத் தாண்டியவர், கட்டைக் கழுத்து, தன் வண்டியிலேயே மல்லாந்து படுத்து லாரி போலக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று குறட்டை நின்றது. மூச்சும் நின்றது. "ஐயோ, போயிட்டாரே!" என்று கத்தி ஊரைக் கூட்டிவிட்டுப் பூக்கடைக்கு ஓடினேன். நான் திரும்புவதற்குள் அவர் பெரும் இரைச்சலோடு மூச்சை இழுத்து எழுந்து, "இன்னா கூட்டம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் பார்த்தால் அவர் முதுகில் ஒரு புடைப்பு. பனியனின் பின்பக்கம் ஒரு கொட்டாங்கச்சியை வைத்துத் தைத்திருந்தார்.

"மல்லாந்தா மூச்சு நிக்குது, ஒருக்களிச்சுப் படுன்னு டாக்டர் சொன்னாரு. ராத்திரி தூக்கம் கெட்டுப் பகல்ல கண்ணு சொருவுது, நைனா. அன்னிக்கு ஒரு டீச்சரம்மாவ சவாரி ஏத்திக்கினு வண்டிய பஸ்சுக்கு முன்னால உட்டுட்டேன். இனிமே அது நடக்கக் கூடாது. சாராயத்தையும் உட்டாச்சு."

நான் சும்மா இருப்பேனா? இஞ்சி, தேன், திப்பிலி என்று என் வைத்தியத்தை அவிழ்த்துவிட்டேன்.

"அல்லாம் துன்னு பாத்தாச்சு," என்றார்.

கொட்டாங்கச்சியைத் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. "இதோட படுத்தா முதுகு வலிக்காதா?" என்று கேட்டேன்.

"வலிக்கத்தான் தச்சேன்."