எதிர்ப்பக்கம் நின்று வாசிப்பவள்

பத்யா வலது பாதத்தை நாற்காலியின் காலோடு ஒட்டி அழுத்திக்கொண்டு நிற்கிறாள். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் அஷ்தோத் ஊரிலிருந்து வந்த ஒரு தாய் ஏறி நிற்கிறாள். தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பகுதியில், அவள் மகன் இன்று முதன்முதலாக யூதர்களின் வேதமான தோராவை வாசிக்கிறான். நாற்காலி போட்டு எக்கினால்தான் பெற்றவளுக்குப் பிள்ளையின் தலையாவது தெரியும். வாசித்து முடித்த பிள்ளைமேல் மிட்டாய் வீசுவது வழக்கம்.

"முட்டாய வீசறப்ப கைய மட்டும் வீசு கண்ணு, உடம்பையும் சேத்து வீசிடாத. போன வாரம் ஒருத்தி அப்படியே அந்தப் பக்கம் போகப் பாத்தா. பாதி ஆம்பளைங்க பகுதியில, பாதி இந்தப் பகுதியில. அவள எந்தச் சட்டத்துல பிடிக்கிறது?" என்கிறாள் பத்யா.

தாய் சிரிக்கிறாள், அழுகிறாள், மிட்டாய் வீசுகிறாள், நாக்கைச் சுழற்றிக் குலவையிடுகிறாள். பத்யாவின் பாதம் அசையவில்லை. அந்தத் தாய் இறங்கியதும் அடுத்தவள் ஏறுகிறாள். திங்கள், வியாழன் காலைகளில் இப்படி முப்பது, நாற்பது பேர். யூதர்கள் தொழும் எருசலேமின் பழைய சுவரைப் பார்க்க உலகமே வருகிறது; பத்யா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியைப் பிடித்தபடி பதினேழு வருஷம் ஓட்டிவிட்டாள்.

கத்தமோன் பகுதியில் எங்கள் அடுக்குமாடியில் அவள் இரண்டாவது தளம், நான் மூன்றாவது. முப்பது வருஷம் தபால் அலுவலகத்தில் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு காலையில் அவளோடு ஒரே பஸ்ஸில் வந்து, அவள் எடுத்துத் தரும் நாற்காலியில் உட்கார்ந்து வேதத்தின் சங்கீதத் துதிகளைச் சொல்கிறேன். சொல்வது பாதி, வேடிக்கை பார்ப்பது பாதி.

வேலைக்காரி என்றால் பத்யாவுக்குக் கோபம் வரும். காவல்காரி என்றால் சிரிப்பு வரும். குட்டை உருவம், நீலத் தலைத்துணி, இரண்டு முடிச்சு. சட்டைப்பை நிறைய ஊக்குகள். தோள் தெரிய வருகிற சுற்றுலாப் பெண்களுக்குச் சால்வை போர்த்தி, ஊக்கைக் குத்தி, "குளிருக்குத்தான்டி தங்கம்" என்று ஆகஸ்டு மாத வெயிலில் சொல்வாள். கீழே சிதறிய மிட்டாய்களைப் பொறுக்கித் துடைத்து வேறொரு பையில் போட்டுக்கொள்வாள். அழுகிற பெண்ணைக் கண்டால் அதில் ஒன்று கொடுப்பாள். எதற்கு அழுகிறாய் என்று கேட்கவே மாட்டாள்.

அவளுடைய "ஷ்ஷ்" பேர்போனது. செல்பேசியில் பேசுகிறவளும் அதற்கு அடங்குவாள், புறாவும் அடங்கும். ஆனால் மாதப்பிறப்பு வந்தால் அந்த "ஷ்ஷ்" வாயிலேயே நின்றுவிடுகிறது. யாரைப் பார்த்துச் சொல்வது என்று அவளுக்குத் தெரிவதில்லை.

யூத மாதத்தின் முதல் நாள் காலை ஏழு மணிக்கு அந்தப் பெண்கள் வருகிறார்கள். ஆண்களைப் போலத் தொழுகைப் போர்வை போர்த்தி, வாய்விட்டுப் பாடி, தோராச் சுருளை விரித்துத் தாங்களே வாசிக்க வேண்டும் என்று முப்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்கிறவர்கள். அவர்களைப் பாடவிடாமல் செய்யப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் விசிலோடு பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். ஆண்கள் பகுதியின் அலமாரிகளில் சுருள்கள் நிறைந்து கிடக்கின்றன. பெண்கள் பகுதியில் ஒன்றும் கிடையாது, வெளியிலிருந்து கொண்டு வரவும் கூடாது. அன்றைக்கு மட்டும் பத்யா நாற்காலியை விட்டுவிட்டு வாசலில் நின்று பைகளைத் தடவிப் பார்க்க வேண்டும்.

"பாடறவளும் சாமிக்குத்தான் பாடறா. விசில் ஊதறவளும் சாமிக்குத்தான் ஊதறா. காது என்னோடது" என்று பஸ்ஸில் புலம்புவாள்.

ஒருமுறை போர்வை போர்த்திய பெண் ஒருத்தி அவளை மடக்கினாள். "நீங்க எந்தப் பக்கம்மா?"

"நான் நாற்காலிப் பக்கம்" என்றாள் பத்யா.

எனக்குக் கருத்து இல்லையா என்றால், உண்டு. போர்வைக்காரிகள் பாடும்போது இவர்களுக்கு மட்டும் சுருள் ஏன் இல்லை என்று தோன்றுகிறது. வீட்டுக்கு வந்து சூப் குடிக்கும்போது, என் அம்மா இது எதுவும் இல்லாமல் தொழுதாளே என்று தோன்றுகிறது. சூப் தீர்ந்ததும், உனக்கு வேண்டுமா என்று அம்மாவை யாராவது கேட்டார்களா என்று தோன்றுகிறது. பத்யாவின் குழப்பம் அப்படிப்பட்டதல்ல. அது அவள் பிறந்த வீட்டுக் குழப்பம்.

அவள் அப்பா யேமனிலிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு தோராப் புத்தகம். ஐந்து பையன்கள், ஒரு புத்தகம். ஆகவே நடுவில் அதை விரித்து வைத்து, சுற்றி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். யேமன் யூதர்களில் அது பழைய வழக்கம். ஒருவன் நேராகப் படிப்பான், ஒருவன் பக்கவாட்டில் படிப்பான், எதிரே உட்கார்ந்தவன் தலைகீழாகப் படிப்பான். பெண்பிள்ளைக்கு அந்த வட்டத்தில் இடம் இல்லை. பத்யா எதிரே சுவரோடு ஒட்டி நின்று, அம்மா அரைத்த பச்சைமிளகாய் விழுதைப் புட்டியில் அடைத்தபடி தலைகீழாகவே முழுவதையும் கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் அந்த எழுத்து நேராக இருந்தால் அவளுக்குத் தடுமாறும்.

இன்னொரு வழக்கமும் அவர்களுக்கு உண்டு. வாசிப்பவன் தவறினால் கூட்டமே சேர்ந்து உடனே கத்தித் திருத்தும். மரியாதை, தயவு, ஒன்றும் கிடையாது. தாத்தா தவறினாலும் பேரன் கத்துவான். சின்ன வயதில் அண்ணன் தவறியபோது ஒருநாள் பத்யா கத்திவிட்டாள். "அப்பா நிமுந்து பாக்கல. அண்ணன் தலையில ஒரு குட்டு வெச்சார். நான் சொன்ன மாதிரியே படிக்க வெச்சார். மறுநாளும் கத்தினேன். அன்னிக்கும் குட்டு அவனுக்குத்தான், என்னைப் பாக்கல. கத்தாதேன்னும் சொல்லல, சபாஷ்னும் சொல்லல. சாகற வரைக்கும் சொல்லல. நான் என்னன்னு எடுத்துக்கறது?" இதை அவள் என்னிடம் இருபது தடவையாவது கேட்டிருப்பாள். நான் இருபது விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

குளிர்கால மாதமான கிஸ்லேவின் மாதப்பிறப்பு போன வாரம் வந்தது. மழை. வாசலில் எத்னா என்ற ரெஹோவோத் ஊர் டாக்டரம்மா பெரிய துணிப்பையோடு வந்தாள். மாதாமாதம் வருகிறவள், பத்யாவுக்குத் தெரிந்த முகம். நான் பக்கத்திலேயே குடையை மடக்கிக்கொண்டிருந்தேன்.

பத்யா பையின்மேல் கையை வைத்தாள். கை அங்கேயே நின்றது.

"என்னது இது?"

"கம்பளி."

"கனமா இருக்கே."

"நனைஞ்ச கம்பளி."

"உள்ள நனைஞ்சுதா, வெளியவா?"

எத்னா பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். பத்யா கையை எடுத்துக்கொண்டு, "போ, போ, பின்னாடி வரிசை நிக்குது" என்றாள். பின்னால் என்னைத் தவிர யாரும் இல்லை.

அரைமணியில் பெண்கள் பகுதியின் மூலையில் பிளாஸ்டிக் மேஜைமேல் சுருள் விரிந்துவிட்டது. சுற்றிலும் போர்வைகள், அதைச் சுற்றிலும் விசில்கள். பத்யாவின் மேலாளர் எல்யாகிம், முப்பத்தைந்து வயதுக்காரர், எல்லைக்கு வெளியே நின்றபடி அவளுக்குக் கையைக் காட்டினார். போய் நிறுத்து என்று அர்த்தம். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள், நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு போனேன். போய் நின்ற இடம் மேஜைக்கு எதிர்ப்பக்கம். எழுத்து அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

மாதப்பிறப்பு வாசிப்பில் ஒரு கோணல் உண்டு. நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக வாசிப்பார்கள். முதல் ஆள் மூன்று வசனத்தோடு நிறுத்த வேண்டும். இரண்டாவது ஆள் நான்காவதில் தொடங்கக் கூடாது. ஒன்று பின்னால் போய், அந்த மூன்றாவதையே மறுபடி வாசித்துத்தான் மேலே போக வேண்டும். எத்னா இரண்டாவது ஆள். விசில் சத்தத்தில் பாவம், நேராக நான்காவதில் தொடங்கிவிட்டாள்.

"பின்னால போ! மூணாவதை மறுபடி படி!"

சத்தம் போட்டவள் பத்யா. குலவையைவிடப் பெரிய சத்தம். விசில் ஊதிய பெண்ணுக்கு விசில் வாயிலிருந்து நழுவியது. தடுப்புக்கு அந்தப் பக்கம்கூட யாரோ "என்ன, என்ன?" என்றார்கள். எத்னா வெளிறிப்போய் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, ஒரு வசனம் பின்னால் போய், மூன்றாவதை மறுபடி வாசித்தாள். பத்யா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான்கு பேரும் முடிக்கும் வரை நின்றாள். நடுவில் இன்னொரு தடவையும் திருத்தினாள். நிறுத்தத்தான் வந்தோம் என்பது அவளுக்கு நினைவு வந்தபோது சுருளைச் சுற்றி மூடியாகிவிட்டது.

அன்றைக்குப் பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "நான் ஏன்டி கத்தினேன்?" என்று நான்கு நிறுத்தம் கேட்டாள். ஐந்தாவது நிறுத்தத்தில், "ஆனா அவ தப்பாத்தானே படிச்சா?" என்றாள்.

நேற்று எல்யாகிம் அலுவலகத்துக்கு அழைத்தார். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. தேநீர் கொடுத்தார். மேஜைமேல் ஒரு தாள், ஒரு பேனா.

"பத்யாம்மா, ஒரே வரி. பையில சுருள் இருக்கறது எனக்குத் தெரியாது, அந்த டாக்டர் என்னை ஏமாத்திட்டாங்கன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க. இதோட முடிஞ்சுது. போலீஸ் அந்த அம்மாவப் பாத்துக்கும்."

"தெரியும்னு எழுதினா?"

"நாளைலேர்ந்து வர வேண்டாம். வேலைக்கு மட்டும் இல்ல, அந்த வாசலுக்கே."

பத்யா பேனாவைக் கையில் எடுத்தாள், தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தேநீரைப் பார்த்தேன்.

"தம்பி, அவ என்னை ஏமாத்தல. ஆனா நான் தெரிஞ்சு விட்டேனா, அதுவும் சத்தியமாச் சொல்ல வரல. கைக்குத் தெரிஞ்சுது. எனக்குத் தெரிஞ்சுதான்னு கேட்டா..."

"ரெண்டுல ஒண்ணும்மா."

"அதான் வரலேங்கறேனே!"

எனக்கு ஆத்திரமாக வந்தது. எழுதித் தொலையேன், நாளைக்கு அந்தத் தாய்மாரை யார் பிடித்துக்கொள்வது என்று கத்தத் தோன்றியது. அவள் எழுதிவிட்டால் அதற்கப்புறம் ஒரே பஸ்ஸில் எப்படி உட்காருவது என்றும் தோன்றியது.

எல்யாகிம் பெருமூச்சு விட்டார். "சரி, அத விடுங்க. அவ்வளவு பேர் நடுவுல அப்படிக் கத்தற அளவுக்கு என்னதான் தப்பு? அதையாவது சொல்லுங்க." அலமாரியிலிருந்து தோராப் புத்தகத்தை எடுத்து, இடத்தைப் புரட்டித் தன் முன்னால் விரித்தார். ராகத்தோடு வாசித்தார், நல்ல குரல். முதல் வசனம், இரண்டாவது, மூன்றாவது. ஒரு மூச்சு நிறுத்தி, இரண்டாவது ஆளாகத் தன்னை நினைத்துக்கொண்டு, நான்காவதில் தொடங்கினார்.

பத்யாவின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. பேனாவைக் கீழே வைத்தாள். எழுதாத தாளின்மேல் கையை ஊன்றி, மேஜைக்குக் குறுக்கே எட்டி, தலைகீழாகத் தெரிந்த அந்தப் பக்கத்தில் மூன்றாவது வசனத்தின்மேல் விரலை வைத்தாள். அவர் நிறுத்தி நிமிர்ந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த வசனத்தை மறுபடி வாசித்து முடிக்கிற வரை அவள் விரலை எடுக்கவில்லை.