அத்தையின் தலைக்கட்டு வரி

சேலத்துக் கல்லூரியில் எனக்குப் பிடித்த பாடம் அமெரிக்கச் சரித்திரம். வெள்ளைக்காரன் ஆட்சியில், அவன் வைத்த பாடத்திலேயே, வெள்ளைக்கார ராஜாவை ஒரு தேசம் உதறித் தள்ளிய கதை வருகிறதென்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அங்கே குடியேறியவர்கள் காடு திருத்திய குடியானவர்கள், கொல்லர்கள், அச்சுக்கூடக்காரர்கள். கப்பலில் வந்த புத்தகங்களைப் படித்துவிட்டு, மனிதனுக்குப் பகுத்தறிவு உண்டு, பிறக்கும்போதே உரிமை உண்டு, ஆளப்படுகிறவன் சம்மதிக்காமல் ஆட்சி இல்லை என்று சாராயக் கடையில்கூட வாதம் செய்தார்களாம். ராஜாவின் பிள்ளைகளாக இருந்தவர்கள் வாதம் செய்து செய்தே வேறு ஜனமாகிவிட்டார்கள். ‘எங்கள் குரலுக்கு இடமில்லாத சபைக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும்?’ இதை நான் குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

போன பங்குனியில் இந்தக் கேள்வியோடுதான் ஊருக்குப் போனேன். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். மாரியம்மன் திருவிழாவை நோம்பி என்போம். அதற்குக் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. வரி கொடுத்தவர்கள் கோயில் வேம்படியில் கூடி முடிவு செய்வார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, புருஷனை இழந்தவள். காடும் கிணறும் அவள் கையில்தான். மாமன் பேரில் இருந்த வரியையும் தவறாமல் கட்டிவந்தாள். கூட்டத்தில் மட்டும் அவளுக்கு இடமில்லை.

விடுவேனா? நேரே வேம்படிக்குப் போனேன். படித்த பையனாயிற்றே என்று பேசவிட்டார்கள். அமெரிக்காவில் தொடங்கி அத்தையில் முடித்தேன்.

ஊர்க்கவுண்டர் வெற்றிலையை மென்றபடி கேட்டார். “அப்பிடீன்னா, பேச்சில்லாதவங்க வரி கட்டக்கூடாதுங்கறே?”

“ஆமாங்க. அதுதானுங்க நியாயம்.”

“நல்ல நியாயந்தான் சாமி. இந்த வருசத்துல இருந்து உங்கத்தைக்கு வரி வேண்டாம். ஏனுங்க, எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே?”

எல்லாருக்கும் சம்மதம். ஒரு தேசத்தையே விடுவித்தவன் மாதிரி ஓடிவந்து அத்தையிடம் சொன்னேன். களி கிண்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“அப்பொ கரகம்?”

அதை நான் யோசிக்கவில்லை. அம்மன் கரகம் ஊர்வலம் வரும்போது வரி கொடுத்த வீட்டு வாசலில்தான் நிற்கும். கொடுக்காத வீட்டைத் தாண்டிப் போய்விடும். தாண்டிய வீடு என்றால் ஊர் தள்ளிவைத்த வீடு என்று அர்த்தம்.

“உங்க மாமன் தவறிப்போன வருசங்கூட இவ்வூட்டு வாசல்ல கரகம் நின்னுச்சு. வெள்ளாமை காஞ்ச வருசமும் நின்னுச்சு. ஒரே பொழுதுல தொலச்சுப்போட்டு வந்து இளிக்கறயே! எனக்குப் பதுலா நீ பேசுன்னு நாங் கேட்டனா?”

‘உங்களுக்கும் சேர்த்துத்தான் நாங்கள் பேசுகிறோம்’ என்று குடியேற்றக்காரர்களிடம் சொன்னது லண்டன் சபை. அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, ஓரத்தில் ‘திமிர்’ என்று எழுதி வைத்திருந்தேன். அந்தச் சபையை உதறியவர்களும் தங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்கவில்லை, விலைக்கு வாங்கிய அடிமைகளைக் கேட்கவே இல்லை என்பது அடுத்த அத்தியாயம். நான் இன்னும் அதுவரை போயிருக்கவில்லை.

மறுநாள் வேம்படிக்கு அத்தையே கிளம்பினாள். பின்னால் நான்.

“வரி கொண்டாந்திருக்கறனுங்க.”

“உங்க பையந்தான் வேண்டாம்னு சொன்னானுங்க,” என்றார் கவுண்டர்.

“அது அவம் பேச்சு. நோம்பிச் சோத்துக்கு வருசா வருசம் எங்கெணத்துத் தண்ணி. வரியும் நாங் குடுக்கறது. ரெண்டையும் வாங்கறவீங்க என்னையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க. இல்லீன்னா தண்ணிக்குக் காவேரிக்குப் போயிக்கங்க.”

காவிரி வண்டியில் அரைநாள் தூரம். கவுண்டர் வெற்றிலையைத் துப்பினார்.

“உக்காருங்க அம்மிணி.”

அத்தை ஓரமாக உட்கார்ந்தாள். நானும் பெருமையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீ எங்க சாமி உக்கார்றே? கண்ணாலம் ஆயிருச்சா?”

“இல்லீங்க.”

“வரி கட்டறயா?”

“இல்லீங்க.”

அத்தையைப் பார்த்தேன். அத்தை வேறெங்கோ பார்த்தாள். “வரி கட்டாதவனுக்கு இங்க என்ன சாமி பேச்சு? போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு,” என்றார் கவுண்டர்.

காட்டினேன்.

நோம்பியன்று கரகம் வந்து அத்தை வாசலில் நின்றது. மற்ற வாசல்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நின்றது என்கிறாள் அத்தை. மஞ்சள் நீர்க் குடத்தைத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான். கேட்டுவிட்டுத்தான் தூக்கினேன்.