ஒற்றைக்கண் பையரின் இமை

எங்கள் பொம்மைத் தொடர் மொத்தம் நான்கே வாரம்தான் ஓடியது. லோக்கல் கேபிள் சேனலில், ஞாயிறு காலையில், அரை மணி நேரம். நிலாவில் ஒரு பனியன் கம்பெனி. வேலை செய்பவர்கள் எல்லாரும் நான்கு கை உள்ள பச்சை ஆசாமிகள். பூமியிலிருந்து டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் வரும். இரண்டு கைதான் வைக்கச் சொல்லியிருப்பார்கள். ஏதோ எழுத்துப்பிழை என்று இவர்களாகவே நான்கு கை வைத்துத் தைத்துவிட்டு முழிப்பார்கள். எழுதுவதும் எடுப்பதும் என் தம்பி. பொம்மை தைப்பதும், சூப்பர்வைசரம்மா பொம்மைக்குள் கையை விட்டுக் குரல் கொடுப்பதும் நான். மேசைக்கு அடியில் குந்தியபடி, கழுத்து வலியோடு, "ரெண்டே கையை வெச்சுட்டு அவீங்க எப்படீங்க பொழைக்கறாங்க?" என்று கத்துவேன். எங்கள் தெருவே சிரித்தது.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் சாம்பிள் பிரிவில் டெய்லர். பதினோரு வருடம் ஆகிறது. பொம்மைத் துணியெல்லாம் அங்கிருந்துதான் வந்தது. திருப்பூரில் கட்டிங் வேஸ்ட்டை எடுத்துப் போவதை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். வண்டி துடைக்க, தலையணைக்குள் அடைக்க, சட்டி இறக்க என்று கீழே கிடக்கும் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வோம். யாரையும் கேட்கவும் மாட்டோம்.

நான்காவது வாரத்துக்குத் தம்பி புதிதாக ஒரு பையரைக் கொண்டுவந்தான். ஆர்டர் தருகிற வெளிநாட்டுக்காரர் எங்களுக்குப் பையர். இவர் வேற்றுக் கிரகத்துப் பையர், நெற்றியில் ஒரே கண். சரக்கு பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் பேச மாட்டார், அந்தக் கண்ணை மெதுவாக மூடிக்கொள்வார். அந்த இமைக்குத்தான் துணி தேடிக்கொண்டிருந்தேன். பேட்டர்ன் மேசைக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு கிடந்தது. மயில் கழுத்து நிறம். ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் குத்திய இரண்டு ஓட்டைகள். ஓட்டையைப் பார்த்தேன், அது என்ன என்று யோசிக்கவில்லை. எடுத்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்த இமை மூடும்போதெல்லாம் என் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் மெர்ச்சண்டைசர் பெண் ஃபைலைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். ராமநாதபுரம் பக்கத்துப் பெண். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரை ஓட்டுகிற வேலை. சேர்ந்து ஐந்து மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். பையர் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய கலர் துண்டு, அட்டை இருக்கிறது, அதில் குத்தியிருந்த துணியைக் காணோம் என்றாள். அட்டையை நீட்டிக் காட்டினாள். அதில் இரண்டு ஓட்டைகள். நான் எடுத்துப்போன துண்டில் இருந்த அதே இடைவெளி.

அந்தத் துண்டைப் பார்த்துத்தான் மொத்தத் துணிக்கும் சாயம் போட்டிருந்தார்கள். துணி வந்து இறங்கிவிட்டது. வியாழக்கிழமை பையரின் ஆள் வந்து துண்டோடு ஒப்பிட்டுச் சரி சொன்னால்தான் வெட்டலாம். துண்டு இல்லாமல் அவர் கலர் தப்பு என்றால் தப்புதான். அவள் வேலை அன்றைக்கே போய்விடும். போனால் ஊரில் காத்திருக்கிற தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். சாப்பாட்டு நேரத்தில் இதை எத்தனையோ முறை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற வாய் என்னுடையது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. பொம்மை விளையாட்டுக்குப் பையரின் அப்ரூவல் துண்டையே அள்ளிப் போனவள் என்று ஒரு நாளில் பேர் கெட்டுவிடுமே என்ற பயம். எப்படியாவது சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வெட்கம்கெட்ட நினைப்பு.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு, ஊத்துக்குளி ரோட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்கு ஓடினேன். ஐந்தாவது வாரத்துக்குப் பாதி படம் எடுத்திருந்தான். பையர் பொம்மையைக் கையில் எடுத்ததும் பிடுங்க வந்தான். இந்தக் கண்தான் கதையே, இதைப் பிரித்தால் எடுத்ததெல்லாம் வீண், ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் சேனல்காரன் அந்த நேரத்தை ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்குக் கொடுத்துவிடுவான் என்று குதித்தான்.

"பொம்மைக்கு வேற கண்ணு வெக்கலாம்டா. அந்தப் புள்ளைக்கு யாரு வேற வேலை வெச்சிருக்கறாங்க?" என்றேன்.

அவன் கையை எடுத்துவிட்டான். தையலைப் பிரித்தேன். பின்பக்கம் பசை காய்ந்து அப்பளமாக இருந்தது, முன்பக்கம் சுத்தம். அவன் சொன்னபடியே அந்த ஞாயிறு எங்கள் நேரத்தில் புடவை விளம்பரம் ஓடியது. அதோடு தொடர் முடிந்தது.

புதன்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய் அவள் டிராயரில் நோட்டுக்கு அடியில் துண்டை வைத்தேன். அவள் வந்தாள், திறந்தாள், எடுத்தாள். திருப்பிப் பார்த்து, பசையை நகத்தால் சுரண்டினாள். நான் மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவள் துண்டை அட்டையோடு சேர்த்து ஃபைலில் வைத்தாள்.

வியாழக்கிழமை பையரின் ஆள் வந்தார். கலர் பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் துண்டையும் துணியையும் வைத்தார். அட்டை ஓட்டையும் துண்டின் ஓட்டையும் பொருந்துகிறதா என்று பார்த்தார். விளக்கை மாற்றி மாற்றிப் போட்டார். கடைசியில் கலர் சரி என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவர் துண்டைத் திருப்பினார். பசை, ஊசி ஓட்டை வரிசை. அப்ரூவலை இப்படி வைத்திருக்கிற கம்பெனியை நம்பி அடுத்த ஆர்டரை எப்படிக் கொடுப்பது என்று மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் முகம் கறுத்துப்போய், இது எங்கே இருந்தது, யார் செய்தது என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

அவள் என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். நான் கத்தரிக்கோலைப் பார்த்தேன்.

"என் டிராயர்லதான் சார் இருந்துச்சு. தப்பு என்னோடதுதான்" என்றாள்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். பையைக் கட்டிக்கொண்டிருந்தவளைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப்போய், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"ஹாஸ்டல்ல எல்லாருந்தான் உங்க நாடகம் பாப்போம்க்கா. ஞாயித்துக்கெழமையே நம்ம கலரு மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். திங்கக்கெழமை அட்டையப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன் கண்ணு சொல்லுல?"

"நீங்களே சொல்லுவீகன்னு இருந்தேன்."

மேனேஜர் அறைக்கு ஓடினேன். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. பொம்மை, கண், பசை எல்லாம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.

"பையருக்கு மெயில் போயிருச்சுங்கம்மா. தப்புப் பண்ணுன ஆளை எடுத்துட்டோம்னு பேரோட போட்டாச்சு. இனி ஆளை மாத்திச் சொன்னா ஆர்டரே போயிரும். நீங்க போய் வேலையைப் பாருங்க."

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். அப்புறம் போய் வேலையைப் பார்த்தேன்.